கொடுக்காத மின்சாரம்

முட்டைக்கு அரசாங்கம் தெரியாது. ஆளுங்கட்சி எது, எதிர்க்கட்சி எது என்கிற விவரமெல்லாம் அதற்குக் கிடையாது. சூடு வேண்டும், அவ்வளவுதான். சூடு இருந்தால் உள்ளே இருப்பது குஞ்சு, இல்லாவிட்டால் நாற்றம். இந்தச் சின்ன விஷயத்தை ஒரு நாட்டின் மின்துறைக்குப் புரியவைக்க முட்டையக்கா பட்ட பாடு இருக்கிறதே, அதைக் கேட்டால் கல்லுக்கும் கோபம் வரும்.

முட்டையக்கா என்பது தெரு வைத்த பெயர். வீட்டு முன்னறையில் மேஜை உயரத்துக்கு ஓர் இன்குபேட்டர் பெட்டி. கண்ணாடிக் கதவு, உள்ளே தட்டுத்தட்டாக முட்டைகள், சூட்டுக்குக் கம்பிச்சுருள், காற்றைச் சுற்றிவிட ஒரு குட்டி மின்விசிறி. கோழி வளர்ப்பவர்களுக்குக் குஞ்சு பொரித்துக் கொடுப்பதுதான் அவள் தொழில். மூன்று வாரம் ஒரே சீராக மின்சாரம் இருந்தால் போதும், அறை முழுக்கக் கீச்கீச்சென்று மஞ்சள் பந்துகள் உருளும். புருஷன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். இப்போது அவருக்கு வேலை ரேடியோ கேட்பது. அதில் அரசாங்கம் எதைச் சொன்னாலும், தன் கூடப்பிறந்தவன் சொன்னதுபோல நம்பிவிடுவார்.

கதைக்குப் போகும் முன் நாட்டின் நிலைமையைச் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் நான் பொய் சொல்வதாக நினைப்பீர்கள்.

இந்த நாட்டுக்கு நான்கு எரிசக்தி ஆதாரங்கள் என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் படமே போட்டிருக்கிறது. நீர், நிலக்கரி, காற்று, சூரியன். ஆற்றின் குறுக்கே பெரிய அணை கட்டினார்கள். திறப்புவிழா அன்றுதான், மேலே மணல் அள்ளிய அள்ளில் ஆறு வேறு பக்கம் திரும்பிப் போய்விட்டது தெரியவந்தது. அணை இன்றைக்கும் கம்பீரமாக நிற்கிறது, அமைச்சர்கள் அதன்மேல் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். நிலக்கரி கொட்டிக் கிடந்தது. அதை வெட்டி வெளிநாட்டுக்கு விற்றார்கள், பிறகு வெளிநாட்டிலிருந்தே நிலக்கரி வாங்கினார்கள். போகும்போதும் கமிஷன், வரும்போதும் கமிஷன். இதற்குப் பொருளாதார வளர்ச்சி என்று பெயர். காற்றாலைகளை மலையுச்சியில் வைக்கச் சொன்னார்கள் வல்லுநர்கள். மலைக்கு லாரி ஏறாது என்று ஒப்பந்தக்காரர் அவற்றைப் பள்ளத்தாக்கில் நட்டுவிட்டுப் போனார். அங்கே ஒரு காகிதம்கூடப் பறக்காது. சூரியத் தகடுகள் கப்பலில் வந்து இறங்கின. அவை மின்துறைத் தலைமை அலுவலகத்தில் கார் நிறுத்துமிடத்துக்குக் கூரையாகப் போய்ச் சேர்ந்தன. நல்ல நிழல், குறை சொல்லக்கூடாது.

ஆக, மின்சாரம் இல்லை. பட்டறைகள் மூடின, நூற்பாலை மூடியது, ஐஸ் கம்பெனி தண்ணீர்க் கம்பெனி ஆனது. அந்த நேரத்தில்தான் மின்துறை அமைச்சருக்கு ஐந்தாவது ஆதாரம் கிடைத்தது. சேமித்த மின்சாரம் உண்டாக்கிய மின்சாரத்துக்குச் சமம் என்று ஏதோ கருத்தரங்கில் யாரோ பேசியதைக் கேட்டிருக்கிறார். சரி, சேமிப்பது எப்படி? மக்களுக்குக் கொடுக்காமல் இருந்தால் சேமிப்பு. சேமித்தால் அது உற்பத்தி. அப்படியானால் கொடுக்காத மின்சாரமெல்லாம் உற்பத்தியான மின்சாரம்! மந்திரிசபை எழுந்து நின்று கை தட்டியது. ஒரே மாதத்தில் நாடு மின்மிகை நாடாகிவிட்டது. இருட்டு அதிகமாக அதிகமாக உற்பத்தி ஏறியது.

இதெல்லாம் முட்டையக்காவுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது, இரண்டு ஈடு முட்டை அழுகிப்போனது. குஞ்சு கேட்டு வந்தவர்கள் வெறுங்கூடையோடு திரும்பினார்கள். மூன்றாவது ஈடு பெட்டிக்குள் இருந்தது. இதுவும் போனால் இனி ஒருத்தரும் அவளை நம்பி வரமாட்டார்கள், பெட்டியை எடைக்குப் போட வேண்டியதுதான். மின்சாரம் போகும்போதெல்லாம் வெந்நீர் நிரப்பிய பாட்டில்களைத் தட்டுகளுக்கு நடுவே வைத்து, பெட்டியைக் கம்பளியால் போர்த்தி, பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டதுபோல உட்கார்ந்திருந்தாள்.

பொறுத்துப் பார்த்துவிட்டு மின்வாரிய அலுவலகத்துக்குப் போனாள். உள்ளே ஏசி ஏறக்குறைய ஐஸ்கட்டியே பொழிந்தது. எஞ்சினியர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சூடாகத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். இளம் வயது, நல்ல களையான முகம்.

"சார், எங்க தெருவுல பாதி நாள் கரண்ட் இருக்கறதில்ல. பெட்டியில முட்டை வச்சிருக்கேன். செத்துப்போயிடும் சார்."

"கரண்ட் இல்லன்னு சொல்லாதீங்கம்மா. அந்தப் பேச்சே இப்ப கிடையாது. உங்க தெருவுல உற்பத்தி நடக்குது."

"என்ன உற்பத்தி?"

"மின்சாரம்தான்."

"எங்க சார் நடக்குது?"

"உங்க வீட்டுல. பக்கத்து வீட்டுல. தெரு பூரா."

கிண்டல் செய்கிறாரோ என்று முட்டையக்கா அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். அதில் கிண்டல் துளியும் இல்லை. கிண்டல் இருந்திருந்தாலாவது மனசு ஆறியிருக்கும்.

"போன மாசம் இந்த ஊர்லயே உங்க தெருதான் உற்பத்தியில முதலிடம். பெருமைப்படுங்கம்மா. எல்லாரும் குறை சொல்லத்தான் வர்றாங்க, ஒருத்தராவது சந்தோஷப்பட வர்றாங்களா?"

"சந்தோஷம் சார். அப்படி நாங்க உண்டாக்கின கரண்ட்ல எங்களுக்கே கொஞ்சம் குடுங்களேன்."

எஞ்சினியர் தேநீரைக் கீழே வைத்தார். மந்தமான மாணவிக்குக் கணக்கு சொல்லித்தருகிற வாத்தியாரின் பொறுமை அவர் முகத்தில் வந்தது.

"குடுத்துட்டா அது உற்பத்தி எப்படிம்மா ஆகும்? குடுத்தா செலவு. குடுக்காம வச்சாத்தான் உற்பத்தி. புரியுதா?"

"புரியல சார்."

"எங்களுக்கும் ஆரம்பத்துல புரியல. ரெண்டு நாள் பயிற்சி வகுப்பு வச்சாங்க. அப்புறம் சரியாயிடுச்சு."

வீட்டுக்கு வந்து புருஷனிடம் புலம்பினாள். கண்டக்டருக்கு முகமெல்லாம் பல். "முதலிடமா? நம்ம தெருவா? காலையில ரேடியோவுல சொன்னப்ப அது நம்ம தெருன்னு தெரியாமப் போச்சு பாரு!"

"உங்க தலையில இடி விழ. முட்டை சாவுதுங்க!"

"எல்லாம் சரியாயிடும். நாடு முன்னேறும்போது கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும்."

அவள் அடுப்பில் வெந்நீர் வைக்கப் போய்விட்டாள்.

அலுவலகத்துக்குப் போய்ப் பேசியதில் ஒரு பலன் கிடைத்தது. அடுத்த வாரமே மின்துறை வண்டி வந்து நின்றது. கம்பத்தில் ஏறப் போகிறார்கள் என்று தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது. வந்தவர்கள் தெருமுனையில் பெரிய பலகை ஒன்றை நட்டார்கள்: 'தேசிய மின் உற்பத்தி நிலையம். அனுமதியின்றி உள்ளே நுழையக் கூடாது.' ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் மண்டையோடும் எலும்பும் போட்டு 'அபாயம்' என்று தகரம் அடித்தார்கள். உற்பத்தி நிலையத்துக்குள் தலைக்கவசம் கட்டாயமாம். வீட்டுக்கு இத்தனை என்று மஞ்சள் கவசம் கொடுத்தார்கள். அன்றிலிருந்து அந்தத் தெருவில் குளிக்கப் போகிறவர்கூடக் கவசத்தோடு போனார். காய்கறிக்காரருக்குக் கவசம் இல்லை என்று தள்ளுவண்டியை உள்ளே விடவில்லை. கண்டக்டர் தன் கவசத்தைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கண்ணாடியில் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

உற்பத்தி நிலையம் என்று ஆகிவிட்ட பிறகு, பாதி நேரம் மின்சாரம் கொடுப்பது நிர்வாகச் சீர்கேடு அல்லவா? முழு நேரமும் நிறுத்தினார்கள். உற்பத்தி இரண்டு மடங்கானது. காவலுக்கு ஓர் ஆளைப் போட்டார்கள். யாராவது டார்ச் லைட் போட்டால்கூட ஓடிவந்து, "என்ன சார் இது, உற்பத்தி குறையுதுல்ல!" என்று அணைக்கச் சொல்வார். மோசமான மனிதர் அல்ல. பயந்த மனிதர். இந்த நாட்டில் இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

முட்டையக்கா அடுப்பைப் பற்றவைத்ததும் அவர் கதவைத் தட்டினார். "அக்கா, நிலையத்துக்குள்ள தீ மூட்டக்கூடாதுன்னு உத்தரவு."

"நான் வெந்நீர் வைக்கறேன்யா. முட்டைக்கு."

"தெரியுதுக்கா. ஆனா நான் இங்கதானே நிக்கறேன். யாராவது கேட்டா என் வேலை போயிடும்."

அதற்குப் பிறகு அவள் எதிர்த்தெரு முடிதிருத்துபவர் கடைக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். அந்தத் தெரு உற்பத்தி நிலையம் இல்லை, வெறும் தெரு. அவர் ஷேவிங்குக்கு வைத்த அடுப்பில் அவளுக்கும் வெந்நீர் வைத்துக் கொடுத்தார். தலையில் மஞ்சள் கவசம், இடுப்பில் குடம், நெஞ்சில் ஆத்திரம் என்று ஒரு நாளைக்கு எத்தனை நடை நடந்தாள் என்று அவளுக்கே தெரியாது. பதினைந்து நாளைக்கு மேல் ஆகிவிட்ட முட்டைகளுக்குத் தங்கள் சூடே கொஞ்சம் உண்டு. அந்தச் சூடும், வெந்நீரும், கம்பளியும், அவள் பிடிவாதமும் சேர்ந்து குஞ்சுகளைப் பிடித்துவைத்திருந்தன. ஒரு முட்டையைக் காதருகே வைத்துக் கேட்டாள். உள்ளே மெல்லிசாகக் கீறுகிற சத்தம். அவளுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. கண்டக்டரைக் கூப்பிட்டு அவர் காதிலும் வைத்தாள். அவர் கவசத்தைக் கழற்றிவிட்டுக் கேட்டார். ரொம்ப நேரம் கேட்டார். அதன்பிறகு ரேடியோவைப் போடவில்லை.

ஆனால் கடைசி நாட்கள்தான் பொல்லாதவை. குஞ்சு ஓட்டைக் கொத்தி வெளியே வருகிற நேரத்தில் சூடு சீராக இருக்க வேண்டும், பெட்டியை அடிக்கடி திறந்து பாட்டில் மாற்றவும் முடியாது. என்ன செய்வது என்று அவள் விழி பிதுங்கி நிற்கையில் எஞ்சினியர் வந்தார். அவர் தலையிலும் கவசம்.

"அம்மா, நாளைக்கு விழா. மந்திரி உங்களுக்கு விருது குடுக்கறாரு. சிறந்த உற்பத்தியாளர். உங்க தெருவுலேர்ந்து முதல்ல வந்து விசாரிச்சது நீங்கதான்னு உங்க பேரைப் போட்டுட்டேன். மேடையில வந்து உக்காந்தாப் போதும்."

"விழா எங்க சார்?"

"புது அரங்கத்துல. பகல்ல."

"அங்க கரண்ட் இருக்குமா?"

எஞ்சினியர் சிரித்தார். "அரங்கத்துல இல்லாம எங்கம்மா இருக்கும்?"

"அப்ப என் பெட்டியக் கொண்டுவந்து ஒரு பிளக்குல மாட்டிக்கறேன். அதுக்குச் சம்மதம்னா வர்றேன். இல்லன்னா விருதை நீங்களே வச்சுக்குங்க."

கொஞ்சம் யோசித்தார். விருது வாங்க ஆள் வராவிட்டால் தன் நிலைமை என்ன என்று யோசித்திருப்பார். "சரி, மேடைக்குப் பின்னால பிளக் பாயின்ட் இருக்கு. நானே பாத்துக்கறேன்மா. போதுமா?"

மறுநாள் தள்ளுவண்டியில் பெட்டியை ஏற்றி, கம்பளி போர்த்தி, ஒரு பக்கம் கண்டக்டரும் மறுபக்கம் அவளும் பிடித்துக்கொண்டு, பிரசவத்துக்கு அழைத்துப்போவதுபோல மெதுவாகக் கொண்டுபோனார்கள். அரங்கம் பட்டப்பகலில் ஜெகஜோதியாக எரிந்தது. உள்ளே ஏசி குளிர் எலும்பைத் தொட்டது. மேடைக்குப் பின்னால் பிளக்கை மாட்டியதும் பெட்டிக்குள் சிவப்பு விளக்கு எரிந்தது, விசிறி சுற்றியது. கண்ணாடி வழியாகப் பார்த்தாள். நாலைந்து முட்டைகளில் ஓடு உடைந்து, ஊசிமுனை மாதிரி அலகுகள் தெரிந்தன. 'வந்துட்டீங்களாடா கண்ணுங்களா' என்று மனசுக்குள் கொஞ்சினாள். "போம்மா, போய் மேடையில உக்காரு, நான் இருக்கேன்" என்றார் கண்டக்டர். ஆனால் உற்பத்தியாளர் குடும்பத்தார் முன்வரிசையில்தான் உட்கார வேண்டும் என்று அவரையும் அழைத்துப் போய்விட்டார்கள்.

அமைச்சர் மைக்கைப் பிடித்தார்.

"என் உயிரினும் மேலான உற்பத்தியாளர்களே! ஒரு காலத்தில் நம் நாட்டில் மின்சாரத்தை ஆற்றிலே தேடினார்கள், மண்ணுக்கு அடியிலே தேடினார்கள், ஆகாயத்திலே தேடினார்கள். நான் எங்கே தேடினேன்? உங்களிடம் தேடினேன்! உங்களிடமிருந்து எடுத்தேன்!"

கைதட்டல்.

"அண்டை நாட்டார் நம் மின்சாரத்தை விலைக்குக் கேட்டு வந்தார்கள். எந்தக் கம்பி வழியாக அனுப்புவீர்கள் என்று கேட்டார்கள். கம்பி எதற்கு? நீங்கள் உங்கள் ஊரில் விளக்கை அணைத்துவிட்டு, பணத்தை மட்டும் எங்களுக்கு அனுப்புங்கள் என்றேன். யோசித்துச் சொல்வதாகப் போயிருக்கிறார்கள். நான்கு மாதமாக யோசிக்கிறார்கள் என்றால், எவ்வளவு ஆழமான திட்டம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்!"

கைதட்டல்.

"அமைச்சர் வீட்டில் மட்டும் ஏன் எந்நேரமும் விளக்கு எரிகிறது என்று எதிர்க்கட்சியினர் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்கிறேன். எல்லோரும் உற்பத்தி செய்யப் போய்விட்டால், நுகர்வது யார்? அந்தக் கசப்பான கடமையை என் குடும்பம் ஏற்றிருக்கிறது. என் பேரப்பிள்ளைகள்கூட நீச்சல் குளத்து வெந்நீரில் தினமும் அந்தத் தியாகத்தைச் செய்கிறார்கள்!"

எழுந்து நின்று கைதட்டல். அமைச்சருக்குத் தன் பேச்சிலேயே கண் கலங்கிவிட்டது. உணர்ச்சி வேகத்தில் கையை உயர்த்தினார்.

"இந்த அரங்கம் மட்டும் சும்மா இருக்கலாமா? இதோ, இந்த நிமிடமே இதுவும் உற்பத்தியில் இறங்கட்டும்! தேவையற்ற மின்சாதனங்களை எல்லாம் நிறுத்துங்கள்!"

அதிகாரிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மேலே விளக்குகளைப் பார்த்தார்கள், ஏசியைப் பார்த்தார்கள், குசுகுசுவென்று பேசினார்கள். எஞ்சினியர் எழுந்து மேடைக்குப் பின்னால் போனார். முட்டையக்கா அதைப் பார்த்தாள். 'இந்தக் கலாட்டாவுல யாரும் என் பெட்டிமேல கை வச்சிடக்கூடாதுன்னு காவலுக்குப் போறான் போல, நல்ல பையன்' என்று நினைத்துக்கொண்டாள். அவர் திரும்பி வந்து அமைச்சரின் காதில் ஏதோ சொன்னார். "அரங்கம் உற்பத்தியைத் தொடங்கிவிட்டது!" என்று அமைச்சர் முழங்கினார். எல்லோரும் கை தட்டினார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் முழங்கையால் இடிக்கவே முட்டையக்காவும் தட்டினாள்.

அதற்கப்புறம் ஆணையர் பேசினார், தலைமைப் பொறியாளர் பேசினார், ஆலோசகர் பேசினார், ஆலோசகரின் ஆலோசகர் நன்றியுரை என்று சொல்லிவிட்டு எல்லோரையும்விட அதிகமாகப் பேசினார். விளக்கெல்லாம் எரிந்தபடியே இருந்தன. ஏசி குளிர் விரல்களை மரத்துப்போகச் செய்தது. முட்டையக்காவுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. எழுந்திருக்கப் பார்த்தாள். "விருது வாங்காம எந்திரிக்கக்கூடாதும்மா, கேமரா ஓடுது" என்று உட்காரவைத்தார்கள். முன்வரிசையில் கண்டக்டரைத் தேடினாள். அவர் இருக்கை காலியாக இருந்தது.

பிறகு அவர் மேடையின் ஓரத்தில் தெரிந்தார். கவசம் இல்லை. அவர் முகத்தைப் பார்த்ததுமே அவள் யார் தடுத்தும் நிற்காமல் எழுந்து ஓடினாள்.

பெட்டி இருட்டாக இருந்தது. விசிறி நின்றிருந்தது. பிளக் தரையில் கிடந்தது. கண்ணாடிக் கதவைத் திறந்து கைவைத்தாள், சில்லிட்டது. முக்கால்வாசி முட்டைகளில் ஓடு உடைந்திருந்தது. சிலதில் அலகு மட்டும், சிலதில் தலை, ஒன்றில் ஓர் இறக்கை முழுசாக வெளியே. எதுவும் அசையவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் வைத்து வாயால் ஊதினாள். ஊதிக்கொண்டே இருந்தாள்.

"நான் வந்து பாக்கறதுக்குள்ள எல்லாம் போயிடுச்சும்மா" என்றார் கண்டக்டர்.

பின்னாலேயே எஞ்சினியர் வந்து நின்றார். "எதை நிறுத்தறதுன்னு பாத்தோம்மா. ஏசிய நிறுத்தினா விருந்தாளிங்களுக்கு வேர்க்கும். லைட்ட நிறுத்தினா கேமராவுல விழாது. டீ பாய்லர நிறுத்த முடியாது, எல்லாரும் டீக்குக் காத்திருக்காங்க. மொத்த அரங்கத்துலயும் தேவையில்லாததுன்னு இது ஒண்ணுதான் இருந்துச்சு. நீங்களே சொல்லுங்க, நான் என்ன பண்ணட்டும்?"

முட்டையக்காவுக்கு அழுகை வரவில்லை. அடிவயிற்றிலிருந்து ஆத்திரம்தான் கொதித்துக்கொண்டு வந்தது. இத்தனை நாள் குடம் குடமாகச் சுமந்த வெந்நீரெல்லாம் உள்ளே பொங்குவதுபோல இருந்தது. ஒரு தட்டை அப்படியே உருவிக் கையில் எடுத்துக்கொண்டாள். மேடைமேல் அவள் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். போனாள். அமைச்சர் கேடயத்தோடு நின்றிருந்தார். அவர் முன்னால் இருந்த மேஜையில் தட்டை வைத்தாள்.

"என்ன தாயே இது?" என்றார் அமைச்சர், கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி.

"குஞ்சுங்க. வெளிய வர்ற நேரத்துல கரண்ட்டப் புடுங்கிக் கொன்னுட்டீங்க."

அமைச்சர் தட்டைக் குனிந்து பார்த்தார். ஆளுக்கு அனுபவம் ஜாஸ்தி, தடுமாறுகிறவர் இல்லை. மைக்கைத் தன் பக்கம் இழுத்தார்.

"யார் சொன்னது இறந்துவிட்டன என்று? நண்பர்களே, இவை சேமிக்கப்பட்டிருக்கின்றன! பிறந்திருந்தால் தீனி கேட்டிருக்கும், தண்ணீர் கேட்டிருக்கும், இடம் கேட்டிருக்கும். எத்தனை மூட்டைத் தானியம் மிச்சம்! பொரிக்காத குஞ்சுகளை எல்லாம் பொரித்த குஞ்சுகளாகவே கணக்கில் எடுக்கும்படி கால்நடைத் துறைக்கு இந்த மேடையிலிருந்தே பரிந்துரைக்கிறேன். இந்தத் தாய் இன்று மின்சாரத்தில் மட்டுமல்ல, கோழி உற்பத்தியிலும் முதலிடம்!"

கூரை அதிரக் கைதட்டினார்கள். தட்டின்மேல் கைதட்டல் விழுந்துகொண்டே இருந்தது. அவள் அது அடங்கும்வரை நின்றாள்.

"ஐயா, ஒண்ணு கேக்கலாங்களா?"

"கேளுங்கள் தாயே. மைக்கிலேயே கேளுங்கள். ஒளிவு மறைவு இல்லாத ஆட்சி இது."

"குடுக்காததெல்லாம் குடுத்த மாதிரின்னு சொல்றீங்க. அப்படின்னா, இத்தனை மாசமா நான் உங்களுக்குக் குடுக்கணும்னு நெனச்சு, குடுக்காம அடக்கி வச்சிருந்த அறையெல்லாம் நீங்க ஏற்கெனவே வாங்கின மாதிரிதானே?"

கேள்வி முழுசாகக் காதில் விழவில்லையோ என்னவோ, அமைச்சர் பழக்க தோஷத்தில் கை உயர்த்திவிட்டார். "நிச்சயமாக! கொடுக்காததெல்லாம் பெற்றதே!"

"அந்தக் கணக்கு எனக்கு ஏறலைங்க" என்றாள் முட்டையக்கா. சொல்லிவிட்டு, ஒன்று கொடுத்தாள்.

மைக்குக்கு மட்டும் மின்சாரம் தடையில்லாமல் வந்துகொண்டிருந்ததால், சத்தம் கடைசி வரிசைவரைக்கும் தெளிவாகக் கேட்டது.